நாடு மறைந்து நாயகன் நின்ற கதை: தமிழில் இரும்புக்கை மாயாவி

இரும்புக்கை மாயாவி லண்டனில் பிறந்தவன். ஃப்ளீட்வே நிறுவனம் 1962 அக்டோபர் 6 தேதியிட்டு வெளியிட்ட ‘வேலியண்ட்’ சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே அவன் தொடர் ஆரம்பமானது. ஜேம்ஸ் பாண்டின் முதல் திரைப்படம் லண்டனில் திரையிடப்பட்டது அதற்கு முந்தைய நாள். கதையைக் கென் பல்மர் எழுதத் தொடங்கினார். பிறகு டாம் டல்லி தொடர்ந்தார். படங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கதையின் நாயகனும் ஆய்வுக்கூட உதவியாளனுமான லூயிஸ் கிராண்டேலுக்கு விபத்தில் போன வலக்கைக்குப் பதிலாக எஃகுக் கை பொருத்தியிருந்தார்கள். உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். முதலில் குற்றவாளியாக அலைந்த கிராண்டேல், பின்னர் திருந்தி, ‘நிழல் படை’ என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பின் உளவாளியாகிறான்.

அந்த மாற்றம் காலத்தின் தேவை. பேரரசு கையைவிட்டுப் போய், பனிப்போர் உச்சத்தில் இருந்த பத்தாண்டு அது. உலகைக் காக்கும் வேலையில் தன் நாட்டுக்கும் பங்கிருக்கிறது என்று பிரிட்டிஷ் சிறுவனுக்குச் சொல்ல உளவாளிதான் தோதான பாத்திரம். கொடியை உடம்பில் போர்த்திய நாயகன் வர மேலும் 14 ஆண்டுகள் ஆயின. மார்வெல் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை 1976 அக்டோபரில் ‘கேப்டன் பிரிட்டன்’ வார இதழைத் தொடங்கியது. கிறிஸ் கிளேர்மாண்ட் எழுத, ஹெர்ப் டிரிம்ப் வரையத் தொடங்கிய அந்த இதழ் 39 வாரங்களில் நின்று, வேறோர் இதழோடு இணைக்கப்பட்டது. கேப்டன் பிரிட்டனின் நாட்டுப்பற்று உடையிலேயே எழுதி ஒட்டியிருந்தது. மாயாவியின் நாட்டுப்பற்றோ அவன் பார்த்த வேலையில் இருந்தது. உடையைக் கழற்றினால் கேப்டன் பிரிட்டன் இல்லை. வேலை கொடுத்த அரசின் பெயரை அழித்தாலும் மாயாவிக்கு ஒன்றும் ஆகவில்லை. தமிழுக்கு வந்தபோது நடந்தது ஏறக்குறைய அதுதான்.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு 1972 ஜனவரியில் வந்தது. தலைப்பே ‘இரும்புக்கை மாயாவி’. முல்லை தங்கராசன் அந்தத் தொடக்க கால இதழ்களின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாம்புத் தீவு’ என மாயாவி கதைகள் வரிசையாக வந்தன. அவனைத் தொடர்ந்து லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ ஆகிய பிரிட்டிஷ் துப்பறிவாளர்களும் தமிழ் பேசினார்கள். 1984 ஜூலையில் இந்த அலை இரட்டிப்பானது. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’யோடு வந்தது. பாண்ட் பிரிட்டிஷ் உளவாளி; மாடஸ்டியும் அவ்வப்போது பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உதவுபவள். ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு தமிழ் இதழ்களும் அந்நிய அரசுக்காக இயங்குபவர்களை முன்னிறுத்தியே கடை விரித்தன.

சென்னையின் தெற்குப் புறநகரில் வைத்துப் பார்த்தால் இதன் விந்தை இன்னும் தெளிவாகும். பரங்கிமலையும் பல்லாவரமும் ஆங்கிலேயர் படை தங்கிய கண்டோன்மெண்ட் ஊர்கள். அந்த நிர்வாகப் பெயர் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது ஆங்கிலேயர் காலத்தில், 1931இல். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் பறக்கும் ஊரில், அந்த ரயிலில் பள்ளிக்கும் வேலைக்கும் போய்வந்த தலைமுறைகள் ஸ்டேஷன் புத்தகக் கடையிலும் பெட்டிக்கடையிலும் மாயாவியை வாங்கின; கைக்காசு போதாதவர்கள் வாடகை நூல் நிலையத்திலும் பழைய பேப்பர் கடையிலும் தேடிப் படித்தார்கள். முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தபோது ஆங்கிலேயர் வெளியேறிக் கால் நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை எனினும், அவர்களுடைய அரசுக்கு வேலை பார்த்த ஒருவனை இந்த வாசகர்கள் எந்த உறுத்தலும் இல்லாமல் தம்மவனாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு முதற்காரணம் மொழிபெயர்ப்பு. கிராண்டேல் என்ற குடும்பப் பெயர் பின்னுக்குப் போய், மாயாவி என்ற பெயர் நின்றது. ‘நிழல் படை’ எந்த நாட்டுடையது என்று தமிழ்ச் சிறுவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது நல்லவர்களின் படை, அவ்வளவே. காப்பது லண்டனாக இருந்தாலும் ஆபத்து உலகத்துக்கே என்பதுபோலக் கதை ஓடியது. விக்கிரமாதித்தன் கதையிலும் மாயாஜாலப் படங்களிலும் மறைந்து திரியும் வீரர்களை ஏற்கெனவே அறிந்திருந்த வாசகனுக்கு மாயாவி அந்நியனாகத் தோன்ற வழியில்லை.

இரண்டாவது காரணம் பிளாஸ்கோவின் கோடு. பழைய முத்து காமிக்ஸ் ஒன்றை விரித்துப் பார்த்தால் இது விளங்கும். மேலட்டை பல வண்ணம். உள்ளே செய்தித்தாள் ரகத் தாள், கறுப்பு வெள்ளை, பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டங்கள். இருண்ட அறை, சாவித் துவாரத்திலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சம், அந்தரத்தில் கைப்பிடியைத் திருகும் ஓர் எஃகுக் கை. ஆளே இல்லாத கட்டத்தில் ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்பதை அந்தக் கையின் கோணம் ஒன்றைக்கொண்டே ஓவியர் உணர்த்திவிடுகிறார். இந்தத் திறமைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மலிவுத் தாளில், மங்கிய அச்சில்கூட அது தாக்குப்பிடித்தது.

ஆக, இந்தப் பதிப்பு முறையின் முதல் சாதனை, உலகத்தரமான ஓவியத்தைச் சிறுவர் கைக்காசுக்குள் கொண்டுவந்தது. இரண்டாவது, வாசிப்பைப் பழக்கியது. பாடப்புத்தகத்துக்கு வெளியே விரும்பித் தமிழ் படிக்கும் பழக்கம் பலருக்கு இத்தகைய இதழ்களில்தான் தொடங்கியது. வசனங்கள் சற்றே மேடைத்தமிழாக இருந்தாலும் இலக்கணப் பிழையில்லாமல், ஓட்டமாக இருந்தன. இதைச் சிறிய செயலாக எண்ணக் கூடாது.

குறைகளும் கனமானவை. முதலாவது, படைப்பாளிகள் மறைந்துபோனார்கள். பல்மர், டல்லி, பிளாஸ்கோ ஆகிய பெயர்கள் பழைய தமிழ்ப் பதிப்புகளின் வாசகருக்குத் தெரியாமலே போயின. இதற்குச் சிவகாசியை மட்டும் குறைசொல்ல முடியாது. ஃப்ளீட்வே தன் இதழ்களிலேயே கலைஞர்களின் பெயரை அச்சிடாத வழக்கம் கொண்டிருந்தது. லயன் காமிக்ஸில் வந்த இன்னொரு ஃப்ளீட்வே நாயகனான ஸ்பைடரின் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல். அவர் பெயரைச் சொல்லியிருந்தால் லயன் காமிக்ஸுக்கே அது பெருமையாக அமைந்திருக்கும். ஆனால் அங்கே தொடங்கிய மௌனம் இங்கேயும் தொடர்ந்தது.

இரண்டாவது குறை, காலவரிசை குலைந்தது. கிடைத்த கதை கிடைத்த வரிசையில் வெளியானதால், குற்றவாளி திருந்தி அரசுப் பணியாளனாகும் பாத்திர வளர்ச்சி தமிழில் துண்டுதுண்டானது. ஒரு மனிதன் தன் சக்திக்குப் பலியாகி, பிறகு அதை அடக்கக் கற்றுக்கொள்வதுதான் மூலத்தொடரின் உயிர்நாடி. அது போய், எப்போதும் நல்லவனான சாகசக்காரனே எஞ்சினான்.

மூன்றாவதுதான் மிகவும் யோசிக்க வைப்பது. நாயகனின் நாட்டுப்பற்றை உதிர்த்த மொழிபெயர்ப்பு, அந்த நாட்டின் பார்வையை உதிர்க்கவில்லை. அக்காலப் பிரிட்டிஷ் சாகசக் கதைகளில் காட்டுவாசிகளும் தீவுவாசிகளும் மூடநம்பிக்கையாளர்களாக, வெள்ளைக்காரன் வந்து காப்பாற்ற வேண்டியவர்களாக வருவது சகஜம். லண்டன் சிறுவனுக்கு அது தன் பேரரசின் பழைய பெருமிதம். பல்லாவரத்துச் சிறுவனோ, அந்தப் படங்களில் தன்னை வெள்ளைக்காரன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டான். பெண் பாத்திரங்களின் உடையில் மை பூசித் திருத்த நேரம் ஒதுக்கிய தமிழ்க் காமிக்ஸ் உலகம், இந்தப் பார்வையைத் திருத்தவோ ஒரு குறிப்பு எழுதவோ முனையவில்லை. தணிக்கை உடலுக்கு இருந்தது, கருத்துக்கு இல்லை.

ஆயத்தக் கதைகள் தடையின்றிக் கிடைத்ததால் சொந்தப் படைப்பு தேங்கியது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அது பாதி உண்மை. மாதந்தோறும் நூறு பக்கம் வரைய ஓவியருக்குத் தரவேண்டிய கூலியை அந்த விலையில் எந்தப் பதிப்பாளராலும் ஈட்ட முடிந்திராது. மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் அசல் தமிழ் நாயகன் வந்திருப்பான் என்பதைவிட, காமிக்ஸே வந்திருக்காது என்பதே நம்பத்தக்கது. ஆனால் 1990களுக்குள் வாசகர் கூட்டம் திரண்டிருந்தது. அப்போதாவது ஒரு முயற்சி வேரூன்றியிருக்க வேண்டும்.

ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005இல் நின்றது. லயனும் முத்துவும் 2012இல் பெரிய அளவு, வழவழப்பான தாள் என்று புதுவடிவம் எடுத்து, லார்கோ வின்ச் போன்ற ஐரோப்பியத் தொடர்களுக்கு நகர்ந்தன. பழைய மாயாவி கதைகளும் மறுபதிப்பாகின்றன. பிரிட்டனில் ரெபெல்லியன் நிறுவனம் 2016இலும் 2018இலும் ஃப்ளீட்வேயின் பழைய சொத்துகளை வாங்கி, பல்மர், பிளாஸ்கோ பெயர்களோடு மாயாவியின் தொடக்கக் கதைகளை நூலாக்கியிருக்கிறது. தமிழ் மறுபதிப்புகளும் அந்த வழியில் சென்று, மூல ஆசிரியர், ஓவியர், முதலில் வெளியான ஆண்டு, தமிழில் முதலில் வெளியான ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு பக்கத்தில் தரவேண்டும்; செலவில்லாத திருத்தம் அது.

பழைய இதழ்களைப் பொறுத்தவரை காலம் குறைவாக இருக்கிறது. அமிலம் ஏறிய அந்தத் தாள் மடித்தால் ஒடிகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் போன்ற இடங்களுக்கு வருபவை சேகரிப்பாளர்களின் அலமாரிக்குள் போய்விடுகின்றன. தாம்பரத்திலிருந்து சிறிது தொலைவில், தரமணியில், அச்சுத்தமிழைக் காப்பதற்கென்றே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வீட்டுப் பரணில் 1970களின், 80களின் காமிக்ஸ் வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் இப்படிப்பட்ட நூலகம் ஒன்றிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். கொடுக்க மனமில்லையென்றால், படியெடுத்துக்கொள்ளவாவது இரவல் தரவேண்டும்.