கடைசி இரண்டடி

கம்பளி நூற்கும் மியூல் எந்திரத்தின் வண்டி ஆறடி வெளியே வருகிறது. முதல் நான்கடி வரை, பின்னாலிருக்கும் டிரம் திரியை விட்டுக்கொண்டே இருக்கும். பிறகு டிரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. மிச்சமுள்ள இரண்டடியை அது திரியை இழுத்தபடியே கடக்கும். கதிர்களும் சுழன்றுகொண்டே இருக்கும். கம்பளி நூற்பில் வேறு எதைப் பற்றியும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவேன். இந்த இரண்டடியைப் பற்றி மட்டும் முடியாது. முன்னால் நடந்தவை எல்லாம் ஆயத்தம், பின்னால் நடப்பவை எல்லாம் பத்திரப்படுத்தும் வேலை. நூல் பிறப்பது இங்கேதான்.

ரோமத்தைச் சிக்கெடுத்துப் பிரிக்கும் கார்டிங்கிலிருந்து வந்த திரியில் முறுக்கே கிடையாது. எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும் திரியில் தடித்த இடமும் மெலிந்த இடமும் இருக்கத்தான் செய்யும். கதிர் சுழலத் தொடங்கியதும் முறுக்கு முதலில் மெலிந்த இடத்துக்கு ஓடுகிறது. திருகலுக்கு அங்கேதான் எதிர்ப்புக் குறைவு. முறுக்கேறிய இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, அதற்குமேல் அந்த இடம் நீளாது. முறுக்கு இன்னும் வந்துசேராத தடித்த இடம் மட்டும் இழுப்புக்கு இணங்கி நீண்டு மெலிகிறது. மெலிந்ததும் முறுக்கு அங்கேயும் வந்துவிடுகிறது. யாரும் அளக்கவில்லை, எந்த உருளையும் இடையில் பிடித்து நசுக்கவில்லை. நூல் தன் மேடுபள்ளத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது, வண்டியில் உள்ள முந்நூறு நானூறு கதிர்களிலும் ஒரே சமயத்தில்.

கதிரின் நுனியையும் பார்க்க வேண்டும். கதிர் சற்றே சாய்ந்து நிற்கும். அது ஒருமுறை சுற்றினால் நூல் அந்த நுனியைத் தாண்டி ஒருமுறை வழுக்கும். ஒரு வழுக்கலுக்கு ஒரு முறுக்கு. ஒவ்வொரு வழுக்கலிலும் நூல் மெல்ல உதறிக்கொள்கிறது. அந்த உதறல் ஆறடி முழுக்க ஓடி, தயங்கி நிற்கும் முறுக்கை நகர்த்திவிடுகிறது. தம்புராவில் ஜீவாளி நூலை இம்மியளவு நகர்த்தி நாதத்தைத் திறப்பார்களே, அப்படி ஒரு காரியம் இது. இழுப்பு முடிந்த பிறகு வண்டி நின்று, மீதி முறுக்கு ஏறுகிறது. முறுக்கு ஏற ஏற நூல் நீளத்தில் சுருங்கும். வண்டி பிடிவாதமாக நின்றால் நூல் அறும். ஆகவே நன்றாகச் செட்டிங் செய்த மியூலில், அந்த வேளையில் வண்டி ஓரிரு அங்குலம் உள்ளே நகர்ந்துகொடுக்கும். இரும்பும் மரமுமான அத்தனை பெரிய பாரம் ஒரு நூலின் சுருக்கத்துக்காக இப்படி இறங்கி வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மியூல் என்றதும் எல்லோரும் சாமுவேல் கிராம்ப்டனைச் சொல்வார்கள். 1779, போல்டன், ஹால் இத் வுட் மாளிகை, காப்புரிமை எடுக்காமல் போனது, 1812இல் பார்லிமெண்ட் கொடுத்த 5,000 பவுண்ட். எல்லாம் சரி. ஆனால் என் கணக்கில் மேதை ரிச்சர்ட் ராபர்ட்ஸ்தான். வேல்ஸ் எல்லையோரத்தில் 1789இல் பிறந்து, மான்செஸ்டரில் எந்திரப் பட்டறை நடத்தியவர். கிராம்ப்டனின் மியூலில் வண்டியை உள்ளே தள்ளுவதும், தள்ளும்போதே நூலைக் கதிரில் சுற்றுவதும் நூற்பவரின் உடம்பை நம்பியே நடந்தன. கதிரில் நூல் சுற்றிச் சேரும் உருளையான காப் வளர வளர அதன் விட்டம் மாறும். ஒரே அடுக்கிலேயே அடியில் தடிமன், நுனியில் மெலிவு. அதற்கு ஏற்றபடி கதிரின் வேகத்தைக் கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல வருடப் பழக்கத்தில் மட்டுமே வரக்கூடிய வித்தை அது. 1825இல் ஒன்று, 1830இல் ஒன்று என்று எடுத்த காப்புரிமைகளில் ராபர்ட்ஸ் அந்த வித்தையை எந்திரத்துக்குள் வைத்தார்.

அவர் கண்ட வழி, கால்வட்டமாக அசையும் ஒரு கை, அதில் ஏறி இறங்கும் ஒரு நட், நட்டிலிருந்து வண்டிக்கு ஒரு சங்கிலி. குவாட்ரண்ட் என்று பெயர். கதிர் வெறுமையாக இருக்கும்போது நட் அந்தக் கையின் அடியில், அச்சுக்கு அருகே இருக்கும். அங்கே அது அசைவதே இல்லை என்பதால், உள்ளே போகும் வண்டி சங்கிலியை முழுவதுமாக இழுக்கும். கதிர்கள் அதிகம் சுற்றும். காப்பின் அடி பருக்கப் பருக்க நட்டை மேலே ஏற்றுகிறார்கள். இப்போது நட்டும் வண்டியோடு சேர்ந்து கொஞ்ச தூரம் போவதால், சங்கிலியின் இழுப்புக் குறைகிறது. கதிரும் குறைவாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு அடுக்கின் அடியிலிருந்து நுனிக்குப் போகும்போது தேவைப்படும் வேக மாற்றத்தை அந்தக் கை வரைகிற வட்டப் பாதையே கொடுத்துவிடுகிறது. இவ்வளவு குறைந்த உறுப்புகளில் இவ்வளவு நுட்பமான கணக்கை அடக்கிய வேறொரு நூற்பெந்திரத்தை நான் பார்த்ததில்லை. இதைச் செய்த மனிதர் 1864இல் வறுமையில் இறந்தார்.

கோவைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நூற்பு என்றால் ரிங் பிரேம்தான். எங்கள் தெருவில் ஒரு பஞ்சாலையில் சைடராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். எந்த நூலைக் கொடுத்தாலும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒருமுறை உருட்டிப் பார்த்து, “இது நாப்பதுக்கு ரெண்டு கம்மி கண்ணு” என்பார். ஒரு குளிர்காலத்தில் ஊட்டியிலிருந்து வந்த கம்பளிச் சிட்டம் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். வழக்கம்போல் உருட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். “இதுக்கு நெம்பர் பார்க்கக் கூடாது. திரும்ப எந்திரிக்குதான்னுதான் பார்க்கோணும்” என்றார். கம்பளியோடு அதுவரை பழக்கமே இல்லாத ஒரு பருத்திக்காரர் சொன்ன இந்த வாக்கியத்துக்குச் சமமான ஒன்றைப் பெரிய கம்பளி வல்லுநர்களிடமிருந்துகூட நான் கேட்டதில்லை.

பருத்தியில் ரிங் பிரேம் வென்றது நியாயம்தான். மியூல் நூற்கும்போது சுற்றாது, சுற்றும்போது நூற்காது. ரிங் பிரேம் இரண்டையும் இடைவிடாமல் செய்கிறது, இடமும் குறைவாக எடுத்துக்கொள்கிறது. கம்பளிக்கும் அதுவே போதும் என்பவர்கள் உண்டு. இழுப்புப் பகுதியில் ஒரு பொய்முறுக்குக் குழலை வைத்தால் முறுக்கின் துணையோடு இழுக்கும் வேலை நடந்துவிடுகிறதே, சோதனைச்சாலையில் வைத்தால் வித்தியாசம் தெரியாதே என்பார்கள். கருவி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரிங் பிரேமில் நூல் டிராவலர் என்ற சிறு கொக்கியைத் தாண்டியாக வேண்டும், சுழலும்போது பலூனாக விரிவதன் இழுவிசையைத் தாங்கியாக வேண்டும். அதற்காகவே கொஞ்சம் கூடுதல் முறுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் முறுக்குதான் நூலை இறுக்குகிறது. மியூலில் நூல் எதையும் உரசிக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்பதால், தன்னைத் தாங்குகிற அளவுக்கு மட்டும் முறுக்கு இருந்தால் போதும். அழுத்தினால் எழுந்து வருவதன் ரகசியம் அங்கே இருக்கிறது.

வொர்ஸ்டட் என்ற மற்றொரு வகைக் கம்பளி நூலின் ரசிகர்களோடு எனக்குச் சண்டை இல்லை, வருத்தம் மட்டும் உண்டு. சீப்பிட்டு, குட்டை இழைகளை நாயில் என்று ஒதுக்கி, மிச்சத்தை ஒரே திசையில் படியவைத்து, பளபளவென்று நூற்ற பிராட்போர்டு நூலின் அழகு எனக்கும் தெரியும். கோட்டுத் துணிக்கு அதைவிட உகந்தது கிடையாது. ஆனால் அவர்கள் நான் இதுவரை சொல்லிவந்த வூலன் நூலைத் தரம் குறைந்த வொர்ஸ்டட் என்பதுபோலப் பேசுவதை ஏற்க முடியாது. வூலனில் இழைகள் குறுக்கும் நெடுக்கும் கிடப்பது திட்டமிட்டது. கார்டிங்கில் ஸ்கிரிப்ளர் என்ற முன்பகுதியிலிருந்து கார்டருக்குப் போகும் வழியில் இடைச்செலுத்தி ஒன்றை வைத்து, இழைகளின் வலையைக் குறுக்காகத் திருப்பிப் போடுகிறார்கள். கலப்பும் சீராகிறது, இழைகள் ஒரே பக்கம் படிவதும் தடைபடுகிறது. அந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் காற்று தங்குகிறது. குளிரைத் தடுப்பது கம்பளியைவிட அதற்குள் நிற்கும் காற்றுதான் என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கார்டின் கடைசியில் இருக்கும் கன்டென்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோல் பட்டைகள் அந்த வலையை நாடாக்களாகப் பிரிக்க, பக்கவாட்டில் ஆடும் தோல் விரிப்புகள் ஒவ்வொரு நாடாவையும் உருட்டித் திரியாக்குகின்றன. அமெரிக்காவில் ஜான் கோல்டிங் 1826இல் இந்த வழியைத் திறந்துவிடுவதற்கு முன், கார்டிலிருந்து துண்டு துண்டாக விழுந்த சுருள்களைக் குழந்தைகள் கையால் உரசி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எந்திரம் மனிதரை விடுவித்த தருணங்கள் அரிது. இது அவற்றில் ஒன்று.

இதற்கும் முந்தைய நிலையில், துவைப்பில், இன்றைக்கு நடப்பதைப் பார்த்தால் மனம் கசக்கிறது. ஆட்டின் மேலிருந்து வரும் ரோமத்தில் கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் சேர்ந்திருக்கும். மெரினோவில் எடையில் பாதிவரைகூடப் போய்விடும். அதை வெதுவெதுப்பான தொட்டிகளில், ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சிக்காமல் திரளாமல் நகர்த்தி, உருளையில் பிழிந்து எடுக்க வேண்டும். கொழுப்பில் ஒரு சொட்டுகூட மிஞ்சக் கூடாது என்று கொதிக்கவைத்து, காரம் கூட்டி, வெள்ளைவெளேரென்று ஆக்கினால் இழை வறண்டு ஒடிகிறது. அப்புறம் கார்டுக்கு முன்னால் எவ்வளவு எண்ணெய் தெளித்தும் பயன் இல்லை. முள்ளையும் சருகையும் எரிப்பதற்குக் கந்தக அமிலம் காட்டுகிறார்களே, அதிலும் இதே அவசரம். பொறுமையாக உதறி, பிரித்து, கார்டில் இரண்டு முறை ஓட்டினால் பாதிச் சருகு தானே உதிர்ந்துவிடும். நூலில் அங்கங்கே ஒரு புல்துணுக்கு இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? எந்த மலையில் மேய்ந்த ஆடு என்பதற்கு அதுவே சாட்சி.

அப்புறம் அந்த மைக்ரான் மோகம். பதினெட்டா, பதினேழா என்று எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள். கன்னத்தில் வைத்தால் வெண்ணெயாக இருக்க வேண்டும், மெஷினில் போட்டுத் துவைக்க வேண்டும். அதற்காகக் குளோரினில் முக்கி, இழையின் செதில்களை அரித்து, மேலே ஒரு பிசின் பூச்சுக் கொடுக்கிறார்கள். செதில் இல்லாத கம்பளி நழுவும், தொய்யும். எனக்குச் செவியட் ஆட்டின் கம்பளி போதும். சற்றே முரடு, ஆனால் அழுத்தினால் எழும், சாயத்தை ஆழமாக வாங்கும். நீலகிரியில் சாண்டிநல்லா பண்ணையில் வளரும் நீலகிரி ஆட்டின் பரம்பரையில் மெரினோவோடும் சவுத்டவுனோடும் செவியட்டும் கலந்திருக்கிறது என்பது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

செவியட்டின் முழு அழகைப் பார்க்க ஹாரிஸ் ட்வீடைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் நூலுக்குச் சாயம் போடுவதில்லை, ரோமத்துக்கே போடுகிறார்கள். பல நிறங்களை எடைபோட்டுக் கலந்து, அதன் பிறகே கார்டுக்கு அனுப்புகிறார்கள். தூரத்திலிருந்து பழுப்பாகத் தெரியும் துணியில் ஓர் இழையை உருவிப் பார்த்தால் ஊதா இருக்கும், மஞ்சள் இருக்கும், எதிர்பாராத ஒரு பச்சை இருக்கும். துணியை நெசவாளர் தம் வீட்டில்தான் நெய்ய வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. அந்த ட்வீடைப் புகழ்பவர்கள் தறியைப் புகழ்கிறார்கள், தீவைப் புகழ்கிறார்கள். கலப்பறையில் நின்று ரோமத்தை எடைபோடுகிறவரைப் பற்றி எழுதியவர் மிகக் குறைவு. நிறத்தைத் தீர்மானிப்பவர் அவர்.

2020இல் பிரிட்டனில் கம்பளி விலை எவ்வளவு விழுந்தது என்றால், ரோமம் விற்றுக் கிடைக்கும் காசு, அதைக் கத்தரித்தவரின் கூலிக்கே போதவில்லை. சில விவசாயிகள் மூட்டைகளை எரித்தார்கள், சிலர் உரக்குழியில் போட்டார்கள். அதே ஆண்டில் கடைகளில் கம்பளிபோலவே இருக்கும் அக்ரிலிக் சட்டைகள் குவிந்துகிடந்தன. இந்த முரண்பாட்டைச் சந்தை நிலவரம் என்று ஒரு வார்த்தையில் கடந்துபோகிறவர்களோடு என்னால் நெடுநேரம் உட்கார்ந்து பேச முடிவதில்லை.

மியூல்கள் அநேகமாக அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், ஹார்மனி என்ற சிற்றூரில், 1821இல் தொடங்கிய பார்ட்லெட் ஆலை அந்த நாட்டில் வேறெங்கும் மியூல்கள் மறைந்த பின்னும் நெடுங்காலம் மியூலில் நூற்று விற்றது; அந்த நூலில் பின்னியவர்கள் அதைச் சாமானியத்தில் மறக்க மாட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சில இடங்களில் பார்வையாளர்களுக்காக மியூலை ஓட்டிக் காட்டுகிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் நாலைந்து இழுப்பு ஓட்டிக் காட்டி நிறுத்திவிடுவதில் எனக்குத் தீராத குறை. நாலு இழுப்பில் வண்டியின் அசைவு தெரியும், நூற்பு தெரியாது. வெறுங்கதிரில் முதல் சுற்று விழுவதிலிருந்து தொடங்க வேண்டும். அறுந்த நூலை, வண்டி நெருங்கி வரும் அந்தச் சில நொடிகளுக்குள் ஒட்டுபவர் குனிந்து ஒட்டுவதைக் காட்ட வேண்டும். குவாட்ரண்டில் நட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதையும் காப்பின் அடி பருப்பதையும் பார்க்க வேண்டும். ஈரப்பதம் குறைந்த நாளில் திரி முரண்டு பிடிப்பதையும் அதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காப் நிறைந்து கழற்றும்வரை, எவ்வளவு நேரமானாலும், உட்காரப் பெஞ்சு போட்டுக் காட்டட்டும். அதற்கு எவ்வளவு டிக்கெட் வைத்தாலும் நான் வாங்குவேன்.