சோழர் காலப் போருடை மீளுருவாக்கம்: திருவொற்றியூர்க் கல்வெட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

இடைக்கால ஆடைகளையும் கவசங்களையும் சான்றுகளின் துணையோடு மீண்டும் செய்து அணிந்து பார்க்கும் முயற்சி, மேலைநாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவும் ஆய்வுத் துணையாகவும் வளர்ந்துள்ளது. தமிழ்ச்சூழலில் அப்பணியைப் பெரும்பாலும் நாடக மேடையும் திரைப்படமுமே செய்துவருகின்றன. ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படங்கள் (2022, 2023) முன்வைக்கும் சோழர் போருடை எவ்வகைச் சான்றின்மீது நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தக்கோலப் போரோடு தொடர்புடைய திருவொற்றியூர்க் கல்வெட்டு இம்மதிப்பீட்டிற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கவசம், மீளுருவாக்கம், தக்கோலம், திருவொற்றியூர், சதுரானன பண்டிதர், நடுகல்.

ஒரு படைத்தலைவனின் துறவு

சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் சாலையில், சரக்குப் பெட்டக ஊர்திகளின் இரைச்சலுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே அமைந்துள்ளது திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில். முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்ட தூங்கானை மாட வடிவிலான அதன் விமானத்தைக் கலை வரலாற்றாய்வாளர் பலரும் எழுதியுள்ளனர். போருடை குறித்த ஆய்வில் இக்கோயில் இடம்பெறுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் சோழ வரலாற்றின் பெருந்தோல்விகளுள் ஒன்றான தக்கோலப் போரின் (949) எதிரொலி இங்குள்ள வடமொழிக் கல்வெட்டொன்றில் பதிவாகியுள்ளது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் இருபதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. சேர நாட்டிலிருந்து வந்து, முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனுக்கு நெருங்கிய துணைவனாக விளங்கிய வல்லபன், இளவரசன் போரில் மடிந்தபோது உடனிருந்து உயிர்விட இயலாமற்போன வருத்தத்தால் கங்கையாடி, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் தீக்கை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் மடத்தலைவரானார் என்பது அதன் செய்தி. கிராமம் என்னும் ஊரின் கல்வெட்டில் வரும் சேனாபதி வெள்ளங்குமரனும் இவரும் ஒருவரே என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

ஒரு மனிதன் போருடையைக் களைந்து துறவுடையை ஏற்ற வரலாறு இது. ஆனால் கல்வெட்டு மனமாற்றத்தைச் சொல்கிறதேயன்றி உடை மாற்றத்தைச் சொல்லவில்லை. களைந்தது எது? இரும்பா, தோலா, பருத்தியா? சோழர் உடையை மீட்டெடுக்க முனையும் எவரும் விடையளிக்க வேண்டிய வினா இது. இதற்குத் திரைப்படம் தந்த விடை மிக உறுதியானது. அவ்வுறுதியே ஐயத்திற்கு இடமளிக்கிறது.

ஜிகினாவிலிருந்து தோலுக்கு

தமிழர் மனத்தில் பதிந்துள்ள சோழ மன்னனின் தோற்றத்திற்கு ஒரு மரபுவழி உண்டு. நாடகக் கம்பெனிகளின் சரிகை அங்கி, கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த ஓவியங்கள், அரு. இராமநாதனின் நாடகத்தை அடியொற்றி 1973இல் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’ திரைப்படம் என அது தொடர்கிறது. இவற்றுள் மேடை மரபு எதையும் மறைக்கவில்லை. பார்வையாளன் கடைசி வரிசையிலிருந்தும் அரசனை அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே ஜிகினா மின்னியது. அதனை வரலாற்று ஆவணமென எவரும் கொண்டதில்லை.

மணிரத்னத்தின் படங்கள் இம்மரபிலிருந்து விலகின. ஏகா லக்கானியின் ஆடை வடிவமைப்பிலும் தோட்டா தரணியின் கலை இயக்கத்திலும் மின்னல் குறைந்து மண்ணிறமும் பழுப்பும் கருமையும் மேலோங்கின. அணிகலன்களிலும் கொண்டை முடிப்பிலும் சோழர் செப்புத்திருமேனிகளை உற்றுநோக்கிய பயிற்சி தெரிகிறது, இப்பகுதி பாராட்டுக்குரியது. போர்க்காட்சிகளிலோ நிலை வேறு. ஆதித்த கரிகாலனும் வந்தியத்தேவனும் அருண்மொழியும் உடலின் தசைவாகைத் தழுவும் மார்புக் கவசத்தோடும் தோள்காப்போடும் தோன்றுகின்றனர். இது மெய்ம்மையாகத் தோன்றுவதற்குக் காரணம் சோழர் சான்றோடு அது பொருந்துவதன்று. கடந்த இருபதாண்டுகளில் உலகத் திரையில் ‘பழங்காலம்’ என்று பழகிப்போன தோற்றத்தோடு அது பொருந்துவதே. ஜிகினா ஒரு மரபு என்றால் அழுக்கேறிய தோலும் ஒரு மரபே. முன்னது தன்னை ஒப்பனை என்று ஒப்புக்கொண்டது. பின்னது அவ்வாறு ஒப்புக்கொள்வதில்லை.

படம் புனைவாயிற்றே, புதினமும் புனைவாயிற்றே என்னும் மறுமொழி எழும். படைப்புரிமையை மறுப்பது இங்கு நோக்கமன்று. ஒளிப்படக் கருவியின் தேவைகளும் நடிகரின் உடல் பாதுகாப்பும் கவசத்தை வேண்டலாம். ஆனால் தமிழகத்தில் உடை மீளுருவாக்கத்திற்கென வேறு களம் வளராத நிலையில், திரையின் சட்டகமே பாடப்புத்தக அட்டைக்கும் கருத்தரங்க அழைப்பிதழுக்கும் வகுப்பறைத் திரைக்கும் இடம்பெயர்கிறது. புனைவின் உரிமை அங்குச் செல்லுபடியாகாது.

சான்றுகள் சொல்வது

1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தொடங்கிய படைப்பாக்கக் காலவழுச் சங்கம் போன்ற அமைப்புகளில், நெய்தலும் தையலும் சங்கிலிக் கவசம் பின்னுதலும் ஓய்வுநேரக் கலைகளாகப் பயிலப்படுகின்றன. இத்துறையில் ஊன்றிய ஆர்வலர்கள் எழுத்து, உருவம், தொல்பொருள் என்னும் மூன்றையும் ஒப்பிட்ட பின்னரே ஓர் உடையைத் துணிவர். அவர்களுக்கு வாய்த்த பெரும்பேறு, சுவீடனின் விஸ்பி நகரப் புதைகுழிகள். 1361ஆம் ஆண்டுப் போரில் மாண்டோர் கவசங்களோடே புதைக்கப்பட்டதால், தகடுகள் எவ்வாறு கோக்கப்பட்டன என்பதை இன்றும் எண்ணிப் பார்க்க முடிகிறது. சோழர் போர்க்களம் எதிலும் அத்தகைய புதைகுழி வெளிப்பட்டதில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தஞ்சை ஆயுதங்கள் புகழ்பெற்றவை. எனினும் அவை நாயக்கர், மராட்டியர் கால அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து வந்தவை. அவற்றைக் கொண்டு பத்தாம் நூற்றாண்டு வீரனை உடுத்துவது, பாட்டனுக்குப் பேரனின் சட்டையை அணிவிப்பதாகும்.

எஞ்சியவை எழுத்தும் உருவமுமே. எழுத்துச் சான்றுகளில் கவசம் இல்லாமலில்லை. பதிற்றுப்பத்தில் ‘மெய்ம்மறை’ என்னும் சொல் அரசனைத் தன் வீரர்க்குக் கவசம் போன்றவன் எனப் புகழ உருவகமாக ஆளப்படுகிறது. உருவகமாகும் அளவிற்கு அப்பொருள் அறியப்பட்டிருந்தது என்பது தெளிவு. எல்லா வீரரும் அதனை அணிந்தனர் என்பது அதிலிருந்து பெறப்படாது. முல்லைப்பாட்டில் தைத்த மேலுடையாகிய ‘மெய்ப்பை’ யவனக் காவலரின் அடையாளமாக வருகிறது. அயலாரைத் தனித்துக் காட்டும் உடையாக அது குறிக்கப்படுவதே, உள்ளூர் வீரன் அவ்வாறு உடுத்தவில்லை என்பதற்கு மறைமுகச் சான்று. சிலப்பதிகாரத்தின் கஞ்சுக மாக்களும் அரச தூதுப்பணியோடு தொடர்புடையோரே.

சோழர் படைப்பிரிவுகளின் பெயர்களும் கருதத்தக்கன. வில்லிகள், குதிரைச்சேவகர், ஆனையாட்கள், வாள்பெற்ற கைக்கோளர் எனப் படைக்கலனும் ஊர்தியும் பெயராயின, கவசம் பெயராகவில்லை. நெசவுத் தொழிலினராகப் பின்னர் அறியப்படும் கைக்கோளர் சோழர் படையில் இத்துணைச் சிறப்பிடம் பெற்றதை நோக்கின், காப்புடை இருந்திருப்பின் அது உலையிலன்றித் தறியில் பிறந்திருக்குமோ என எண்ணத் தோன்றுகிறது. இது ஊகமே, ஆயினும் தசைவடிவ மார்புக் கவசத்தை விடச் சான்றுக்கு நெருங்கிய ஊகம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணம் தரும் சான்று இதுவரை இக்கோணத்தில் போதிய கவனம் பெறவில்லை. ஏனாதிநாதரை வெல்லமாட்டாத அதிசூரன் நெற்றியில் நீறு பூசி, அதனைப் பலகையால் மறைத்துக்கொண்டு எதிர்ப்பட்டு, நெருங்கிய கணத்தில் பலகையை விலக்குகிறான். நீறு கண்ட ஏனாதிநாதர் தாக்காது நிற்கிறார். இந்நிகழ்ச்சியின் உயிர்நிலை, வீரனின் நெற்றி திறந்திருக்கிறது என்பதில் உள்ளது. நெற்றியை மூடும் தலைக்காப்பு வாட்போரின் வழக்கமாயின் பலகைக்கு அங்கு வேலையில்லை. சேக்கிழார் போர்க்கலை நூல் எழுதவில்லை என்பது உண்மையே. எனினும் அவர்காலக் கேட்போர் இக்காட்சியை இயல்பாக ஏற்றனர் எனில், வாளும் பலகையும் ஏந்திய, முகம் மறையாத வீரனே அவர்கள் அறிந்த வீரன்.

தக்கோலத்தில் இராசாதித்தன் மாண்ட முறையும் இங்கு நினைக்கத்தக்கது. ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, யானைமீதிருந்த அவன் மார்பைக் கூரிய அம்புகள் பிளந்ததாகக் கூறும். கன்னட நாட்டின் ஆதக்கூர்க் கல்வெட்டோ, கங்க மன்னன் பூதுகன் அம்பாரியையே களமாக்கிக் கொன்றதாகக் கூறும். (அதே ஆதக்கூர்க் கல்லில் செதுக்கப்பட்டிருப்பது இளவரசனின் இறப்பன்று, காட்டுப்பன்றியோடு போரிட்டு மடிந்த காளி என்னும் வேட்டைநாயின் வீரம்.) இரு சான்றுகளும் முரண்படினும், சோழப் பேரரசின் பட்டத்து இளவரசனுக்கு மார்புக் கவசம் இருந்ததாகவோ அது பிளந்ததாகவோ இரண்டும் கூறவில்லை. பகைவன் தன் வெற்றியை மிகைப்படுத்த விரும்பின் பிளந்த கவசத்தைக் குறிப்பிடுவதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

வெற்றுடம்பு வாதத்தின் குறை

இவற்றைக் கொண்டு சோழ வீரன் இடையாடை மட்டுமே உடுத்தான் என்று முடிப்போரும் உளர். செங்கம் பகுதி நடுகற்களில் அம்பு தைத்த உடலோடு, மேலாடையின்றி, கொண்டை முடித்து, வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்களை அவர்கள் சுட்டுவர். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியப் பூச்சுக்கு அடியில் கண்டறிந்த சோழர் ஓவியங்களில் அரசர்களும் அடியார்களும் மேலுடம்பு திறந்தே காணப்படுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, மாபார் நாட்டில் துணியை வெட்டித் தைக்கும் தையற்காரரே இல்லை, அரசனும் சிறுதுணியே உடுத்துகிறான் என்றும், வீரர்கள் ஈட்டியும் கேடகமும் மட்டும் கொண்டு போருக்குச் செல்கின்றனர் என்றும் எழுதியுள்ளார்.

சான்றுகள் வலியன; ஆயினும் அவற்றையும் சோதித்தே கொள்ள வேண்டும். நடுகல் ஒரு வீரனை நினைவாக்கும் வழிபாட்டு உருவம். அவன் அன்று காலை உடுத்தியதன் பட்டியல் அன்று. மார்க்கோ போலோவின் கூற்றை முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டே (1014) தடுக்கிறது. பெரிய கோயிலின் பணியாளர் பட்டியலில் தையற்காரரும் இரத்தினம் தைப்பவரும் இடம்பெறுகின்றனர். தைக்கத் தெரிந்த நாடு அது. எதைத் தைத்தது என்பதே வினா. வெப்ப நாட்டில் கவசம் இயலாது என்னும் வாதமும் நிலைக்காது. 1520ஐ ஒட்டி விசயநகரம் வந்த போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ், பல அடுக்குத் தோலும் இரும்புத் தகடும் வைத்துத் தைத்த பஞ்சுறைச் சட்டைகளைக் குதிரை வீரர் அணிந்ததைக் கண்டு எழுதியுள்ளார். அதே தென்னிந்திய வெயிலில்தான் அவர்கள் போரிட்டனர். வேறுபாடு தட்பவெப்பத்தில் இல்லை. குதிரைப்படையின் பெருக்கம், போர்முறை, செலவு ஆகியவற்றில் உள்ளது.

பொருளின் இயல்பும் கணக்கில் கொள்ளத்தக்கது. இடைக்காலத் தமிழகத்தின் உருக்கு, மூசைகளில் சிறு கட்டிகளாக ஆக்கப்பட்டது. வாளுக்கு அது மிகப் பொருத்தம். அதனைச் சீரான பெருந்தகடாக அடித்து மார்பு முழுவதும் மூடுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவான திருவொற்றியூரின் பட்டறைகளில் இன்று எளிதாகக் கிடைக்கும் உருட்டாலைத் தகட்டை வைத்துப் பத்தாம் நூற்றாண்டுக் கவசத்தைக் கற்பனை செய்யும்போது, செய்பொருளின் தடிமனே காலவழுவாகிவிடுகிறது. மேலைநாட்டு ஆர்வலர்களும் இச்சிக்கலை எதிர்கொள்கின்றனர். கையால் அடித்த தகட்டைத் தேடிச் செல்வோர் அவர்களுள் சிலரே.

செய்து பார்த்தலின் பயன்

இந்நிலையில் சோழர் போருடையை மீட்டெடுக்க விழைவோர் ஒரே உருவத்தை ‘உண்மை’ என நிறுவுவதைக் கைவிட்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் சான்றின் தரத்தைக் குறித்துச் செல்வது தகும். இடையாடையும் கச்சையும் கொண்டையும் உருவச் சான்றில் உறுதி. வாளும் பலகையும் உருவம், எழுத்து இரண்டிலும் உறுதி. பஞ்சுறைச் சட்டை சோழர்க்கு ஊகம், விசயநகரத்திற்கு உறுதி. தசைவடிவ மார்புக் கவசத்திற்குச் சான்றில்லை. இவ்வாறு குறித்த உடையைக் கைத்தறித் துணியில் தைத்து அணிந்து, வாள் வீசி, பலகை ஏந்திப் பார்க்கும்போதுதான் நூல் தராத செய்திகள் சில கிடைக்கும்: கச்சை எத்தனை சுற்றில் வாளுறையைத் தாங்கும், பலகையின் எவ்வளவு பரப்பு நெற்றியை மறைக்கும் என்பன போல. அதிசூரனின் வஞ்சகம் எத்தனை முழப் பலகையில் நடந்தேறும் என்பதை மாணவர் இருவர் ஒரு பிற்பகலில் செய்து பார்த்துவிட முடியும்.

இதற்கு வடசென்னை பொருந்தாத இடமன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வெளுப்போரால் பெயர்பெற்ற வண்ணாரப்பேட்டையின் எம்.சி. சாலையில் துணியும் தையலும் இன்றும் செழிக்கின்றன. தகட்டு வேலையறிந்த பட்டறைகள் திருவொற்றியூர்வரை உள்ளன. படைத்தலைவன் துறவியான கோயிலும் அங்கேயே உள்ளது. வல்லபனின் போருடையை உருவாக்க முற்படும் ஒரு மாணவர் குழு, சான்று பேசாத இடத்தில் துணியை வெறுமையாகவே விட்டு, அருகில் ஒரு குறிப்பட்டையில் அதன் காரணத்தை எழுதிவைக்குமாயின், அக்குறிப்பட்டை அவ்வுடையின் ஓர் உறுப்பாகவே கொள்ளத்தக்கது.