கோப்பைக்குப் பிறகு

'பிகில்' (2019) பெண்களின் கால்பந்துப் படம்தான். ஆனால் கேமராவுக்குப் பயிற்சியாளர் விஜயை விட்டு நகர மனமில்லை. ஆடும் பெண் எதை வைத்துப் பிழைப்பாள் என்பது எனக்கு முக்கியமான கேள்வி.

கூடைப்பந்தில் கீது அன்னா ஜோஸ் இருக்கிறார். தெற்கு ரயில்வே ஊழியர். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ லீக்கில் மூன்று அணிகளின் தேர்வுக்குப் போனார், இடம் கிடைக்கவில்லை. இதை நழுவிய கனவென்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த லீக்கின் நட்சத்திரமான பிரிட்னி கிரைனரே பல மடங்கு ஊதியத்துக்காக ரஷ்யாவில் ஆடினார். அப்படிப் போனபோதுதான் 2022இல் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டார். அங்கேயே அந்த நிலை! பெண்களுக்கென்று தொழில்முறை லீக் இல்லாத இங்கே கீதுவுக்குக் கைகொடுத்தது ரயில்வேயின் மாதச் சம்பளம்.

கோச்சடையில் பந்து தட்டும் பெண் பிள்ளைகளும் விளையாட்டு ஒதுக்கீடு எந்தெந்தத் துறையில் உண்டு என்றுதான் என்னிடம் விசாரிக்கிறார்கள்.