நிலமும் பொழுதும்: சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவு குறித்து ஒரு மதிப்பீடு

திரைப்படத்தைப் பனுவலாகக் கொள்ளும் தமிழ்க் கட்டுரைகளுள் பல, கதை, உரையாடல், பாடல் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. காட்சியைப் படைக்கும் ஒளிப்பதிவாளர் நம் ஆய்வில் அரிதாகவே இடம்பெறுகிறார். அக்குறையை ஓரளவேனும் நிரப்பும் நோக்கில், கேரளத்தில் பிறந்து தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலப் படங்களில் பணியாற்றிவரும் சந்தோஷ் சிவனின் பணியை இங்கு மதிப்பிட முற்படுகிறோம். 2024ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் பியர் ஆஞ்ஜெனியூ விருது பெற்ற அவரை உலக ஒளிப்பதிவாளர் என அழைப்பதில் தடையில்லை. அவ்வுலகத் தன்மை எங்கிருந்து பிறந்தது என்பதே நம் வினா.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுக்கிறது. ஒளிப்பதிவாளரின் மூலப்பொருள்களும் இவ்விரண்டே எனலாம். எந்நிலத்தை, எப்பொழுதின் ஒளியில் காட்டுவது என்னும் தெரிவு, திரையின் உரிப்பொருளைத் தீர்மானிக்கிறது. இவ்வளவுகோலைக் கொண்டே சில படங்களை நோக்குவோம்.

'தளபதி' (1991) கர்ணன் கதையைத் தழுவியது. கர்ணன் கதிரவனின் மகன். ஆதலின், மாந்தர்க்குப் பின்னே எழுந்தும் சாய்ந்தும் நிற்கும் சூரியன், கதையில் பேசப்படாத தந்தையின் இருப்பாகவே பொருள்படுகிறது. தேசிய விருது பெற்றுத்தந்த 'இருவர்' (1997) படத்திலோ, வெட்டின்றி நீளும் எடுப்புகள் நண்பர் இருவரின் நெருக்கத்தையும் பின்னர் விளையும் விலகலையும் பார்வையாளரே அளந்தறிய வழிசெய்கின்றன.

இவ்வாற்றல் முழுமையாக வெளிப்பட்ட படைப்பு, அவரே இயக்கி ஒளிப்பதிவும் செய்த 'த டெரரிஸ்ட்' (1998) என்னும் தமிழ்ப்படம். தற்கொலைத் தாக்குதலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மல்லி என்னும் இளம்பெண்ணின் இறுதி நாள்களே கதை. ஒளிப்படக்கருவி அவள் முகத்தை விட்டு அகலுவதில்லை. மழைநீர், ஆறு, ஈர இலை ஆகியன அவள் மூச்சோடு சேர்ந்தே பதிவாகின்றன. தன் வயிற்றில் கரு வளர்வதை அவள் அறியும்போது, இந்நீர்மை முழுவதும் உயிரின் பக்கம் நின்று வாதிடுவதாகிறது. சிறு முதலீட்டில் உருவான இப்படம் கெய்ரோ விழாவில் தங்கப் பிரமிடு விருதை வென்றது. அமெரிக்காவில் ஜான் மால்கோவிச் தம் பெயரை முன்னிறுத்தி இதனை வெளிக்கொணர்ந்தார்.

எனினும், இப்படம் இயக்கத்தின் பெயரையோ நாட்டின் பெயரையோ கூறாமல் விடுவது எளிதில் கடந்துசெல்லத் தக்கதன்று. ஈழப் போரின் இழப்புகளை அறிந்த தமிழ் வாசகர்க்கு, வரலாறு நீக்கப்பட்ட துயரம் அழகாக்கப்பட்ட துயரமாகத் தோன்றக்கூடும். அவ்விமர்சனம் நியாயமானதே. மனத்தின் தடுமாற்றத்தை ஒளியால் காட்டலாம். அத்தடுமாற்றத்தின் வரலாற்றுக் காரணத்தை ஒளி மட்டுமே விளக்கிவிட இயலாது.

அயல்நாட்டுக் கூட்டுமுயற்சிகளில் நிலை வேறு. குரிந்தர் சாதாவின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (2004) அமிர்தசரஸிலிருந்து லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் வரை விரிகிறது. அதன் வண்ணங்கள் கொண்டாட்டத்திற்கு ஏற்றவையே. ஆனால் ஊர் மாறினும் ஒளியின் பொருள் மாறுவதில்லை. அவரே இயக்கிய 'பிஃபோர் த ரெயின்ஸ்' (2007) இடைநிலையில் நிற்கிறது. 1937ஆம் ஆண்டுக் கேரளத்தில், பருவமழைக்கு முன் மலைச்சாலையை முடிக்கவேண்டும் என்னும் நெருக்கடியைப் பெரும்பொழுதே உருவாக்குகிறது. ஆயினும், மலைச்சரிவுகள் பலவிடங்களில் அயலாரின் வியப்புக்கென விரிக்கப்பட்ட காட்சிகளாகவே எஞ்சுகின்றன.

ஆக, பல நாடுகளில் பணியாற்றுவதால் மட்டும் ஒருவரது கலை உலகப் பொதுமை எய்திவிடுவதில்லை என்பது தெளிவு. முதற்பொருள் உரிப்பொருளைச் சுமந்த சிறிய தமிழ்ப்படமே மொழி எல்லைகளைக் கடந்தது. நிலம் பின்னணியாகச் சுருங்கிய பெரிய படம் அத்தகைய ஆழத்தை எய்தவில்லை. திணைக் கோட்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், உரையாடலை நிறுத்தி இக்காட்சிகளை மட்டும் மாணவர்க்குக் காட்டி, நிலமும் பொழுதும் என்ன உணர்த்துகின்றன எனக் கேட்கலாம். முதற்பொருள் என்பது மனனம் செய்யும் பட்டியலன்று, பார்க்கும் முறை என்பதை அவ்வினா உணர்த்தும் என நம்புகிறோம்.