சிதறால் பாறையும் ஆறு பிலிம் சுருள்களும்

2022-இல் வெளிவந்த ஒரு மலரில் சிதறால் சமணச் சிற்பங்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பாறை முகப்பில் வரிசையாக அமர்ந்திருக்கும் சிறிய தீர்த்தங்கரர் உருவங்களில் இரண்டுக்குத் தலைக்கு மேல் முக்குடை இல்லை என்றும், ஆகவே அவை வேலை முடியாமல் நின்றுபோன சிற்பங்களாக இருத்தல் வேண்டும் என்றும் அதில் துணிந்து எழுதிவிட்டேன். சான்றாக நானே எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் அச்சிட்டிருந்தார்கள். மலர் வந்த இரண்டாம் வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “நயினாரே, நீர் எழுதினது தப்பு. குடை உண்டு. கண்ணாலே பாரும், படத்தை வச்சுப் பார்க்காதேயும்” என்றார்.

போய்ப் பார்த்தேன். குடை இருந்தது. விரல் நகத்தின் அளவுகூட ஆழம் இராது, தேய்ந்துபோன கோடுதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது என் படத்தில் ஏன் இல்லை? இலக்கியக் கட்டுரை கேட்ட மலர்க் குழுவினர் பொறுத்தருள வேண்டும். படத்தைச் சான்றாகக் காட்டி எழுதும் வழக்கம் நம் மலர்களில் பெருகிவிட்டபடியால், இதை முதலில் விசாரிப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது.

சிதறாலைப் பற்றி அறியாத இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாறசாலையிலிருந்து களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் இறங்கி வேறு வண்டி பிடித்தால் மலையடிவாரம் வந்துவிடும். பழம்பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்றால் சமண முனிவர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9, 10-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணப் பெண்துறவி இங்குள்ள படாரியார்க்குப் பொன் அணிகள் கொடுத்ததை வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. பின்னாளில் அது பகவதி கோயிலாயிற்று. 1956 நவம்பர் முதல் தேதி எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு போயிற்று. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகையால் பாறசாலைத் தமிழருக்குச் சிதறால் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வேறு மாநிலம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அந்தச் சிற்பங்களை மலர்களில் வரும் படங்கள் வழியாக மட்டுமே அறிவார்கள். படம் தவறினால் அவர்களுக்குச் சிற்பமே தவறிப்போகும்.

இனி என் கதை. 2021-இல் பழைய பென்டாக்ஸ் கே1000 காமிரா ஒன்று கைக்கு வந்தது. எல்லாவற்றையும் கையால் திருப்பிவைக்க வேண்டிய காமிரா. பிலிமில் படமெடுப்பது இளைஞர்களிடையே மறுபடி பரவிவந்த நேரம். வயது அறுபதைத் தாண்டிய நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். புதிதாகத் தொடங்குவோருக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: “வகைவகையாய் பிலிம் வாங்கிப் போட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பிடித்தது எது என்று தெரியும்.” கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த யோசனையைத்தான் நான் இங்கே குறை சொல்ல வருகிறேன்.

மலரில் வந்த அந்தப் படம் இல்போர்டு எச்.பி.5 பிளஸ் பிலிமில் எடுத்தது. அதன் வேகம் 400. பாறையின் கீழே நிழல். முக்காலி வைப்பதென்றால் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். கை நடுங்கும் வயசு வேறு. ஆகையால் 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டிக்கொண்டேன். இதைத் தள்ளிக் கழுவுதல் என்பார்கள். இதில் ஒரு சூது உண்டு. நிழலிலிருந்து பிலிமுக்கு வந்து சேராத ஒளியை எந்த மருந்தாலும் பிறகு வரவழைக்க முடியாது. கூட்டிக் கழுவினால் வெளுப்பான இடந்தான் மேலும் வெளுக்கும். கறுப்பு கறுப்பாகவே கிடக்கும். படம் பார்க்க வெகு கம்பீரமாக இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மெல்லிய கோடாகிய குடை அந்தக் கம்பீரத்தில் செத்துப்போயிற்று.

தவறு தெரிந்தபின் நான் செய்த காரியம் என்ன? பிலிமின் மேல் பழியைப் போட்டேன். அடுத்த ஓராண்டில் நான்கு வகை வாங்கினேன்.

கோடாக் கோல்டு 200 கலர் பிலிம் குடையைக் கொஞ்சம் காட்டியது. ஆனால் அது வெயிலுக்கென்று அமைத்த பிலிம். மர நிழலில் பாறை முழுக்கப் பச்சை பூத்ததுபோல் வந்தது. பாசி படிந்திருக்கிறது என்று யாராவது ஆராய்ச்சி எழுதிவிடுவார்களோ என்று பயந்து உள்ளே வைத்துவிட்டேன். கோடாக் எக்டாகுரோம் இ100 சிலைடு பிலிம். 2018-இல் மறுபடி விற்பனைக்கு வந்தது. நிறம் அருமை. ஆனால் சிலைடுக்கு மன்னிக்கத் தெரியாது. வானத்துக்கு அளவெடுத்தால் பாறை இருட்டு, பாறைக்கு அளவெடுத்தால் வானம் வெற்றுக் காகிதம்.

இல்போர்டு ஆர்த்தோ பிளஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிவப்பு நிறத்தை அந்த பிலிம் உணராது. சிவந்ததெல்லாம் கறுத்தே விழும். பாறையில் மழைநீர் வழிந்து காவி நிறத்தில் கறை படிந்த இடங்கள் உண்டு. நேரில் பார்க்கும்போது கறை வேறு, செதுக்கு வேறு என்று கண் பிரித்துக்கொள்கிறது. ஆர்த்தோவிலோ கறையும் நிழலும் ஒரே கறுப்பாகி, இல்லாத பள்ளம் இருப்பதுபோல் தோன்றியது. இதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பழைய நூல்களின் நினைவு வந்தது. திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த து.அ. கோபிநாத ராவ் இம்மலையின் சமணச் சின்னங்களை ஆராய்ந்து எழுதியது 1910-களில். அக்காலத்தில் சிவப்பை உணராத கண்ணாடித் தட்டுகளே பெரிதும் புழக்கம். அக்காலத்துச் சிற்பப் படங்களில் தெரியும் கறுப்பையெல்லாம் செதுக்கின் ஆழம் என்று எடுத்துக்கொண்டு வாதம் செய்வோர், ஒரு தடவை ஆர்த்தோ சுருளைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

கடைசியாக எப்.பி.4 பிளஸ், வேகம் 125. மழை விட்ட ஒரு நாள், வானம் மூடியிருந்தது. முழங்கையைப் பாறையில் ஊன்றி, துளை 2.8, நேரம் அறுபதில் ஒன்று. குடை வந்துவிட்டது! அப்பாடா, இதுதான் சிற்பத்துக்கு ஏற்ற பிலிம் என்று முடிவு கட்டி, இதே கட்டுரையை வேறு மாதிரி எழுதவும் தொடங்கினேன்.

அங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. நாற்பது ஆண்டாக ஆரணி அரிசியைக் கேரளத்துக்குக் கொண்டுவந்து விற்கிறவன் நான். மாதிரி பார்க்கும்போது இரண்டு ரக அரிசியையும் ஒரே தட்டில், ஒரே வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்ப்போம். ஒன்றைப் பச்சையாகவும் மற்றொன்றைப் புழுங்கலாகவும் வைத்து எது நல்லது என்று கேட்கிறவனைக் கடையைவிட்டு அனுப்பிவிடுவோம். நானோ பிலிமில் அதைத்தான் செய்திருக்கிறேன். முதல் படம் வெயில் நாளில், 1600-இல். கடைசிப் படம் மூடிய வானத்தில், சரியான வேகத்தில். பிலிம் மட்டுமா மாறியிருக்கிறது?

ஆகவே ஆறாவதாக மறுபடி எச்.பி.5 ஒன்று வாங்கி, மூடிய வானம் பார்த்துப் போய், பெட்டியில் போட்டிருந்த 400-லேயே எடுத்தேன். இம்முறை வானம் உள்ளே வராதபடி கிட்டப் போய்ப் பாறைக்கு மட்டும் அளவெடுத்தேன். காமிராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெளுத்த வானம் ஓரத்தில் தெரிந்தால் ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும். முதல் தடவை அப்படியும் ஏமாந்திருக்கிறேன். கழுவியதிலும் பிழை உண்டு. புத்தகத்தில் எல்லா நேரமும் 20 டிகிரிக்கு எழுதியிருக்கும். இந்த பிலிமை ஐ.டி.11 மருந்தில் தண்ணீர் கலக்காமல் கழுவ ஏழரை நிமிடம் என்பது அந்தக் கணக்குத்தான். பாறசாலையில் கிணற்றுத் தண்ணீரே 27, 28 டிகிரி. குளிர்ந்த நாட்டுக் கணக்கை அப்படியே நம் தண்ணீரில் செய்தால் அளவுக்கு மீறி வெந்துபோகும். இப்போது வாளியில் ஐஸ் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

ஆறாவது சுருளில் குடை தெளிவாக இருந்தது. எப்.பி.4-இல் துகள் இன்னும் நுண்மை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எச்.பி.5 ஒரு குற்றமும் செய்யவில்லை. இதைத் தெரிந்துகொள்ள இத்தனை சுருள் தேவையில்லை. ஒரே வகையில் இரண்டு சுருள் போதும். இன்று ஒரு சுருளும் அதற்கான மருந்தும் சேர்ந்தால் அரை சிப்பம் அரிசியின் விலையாகிறது என்பதை வீட்டில் உள்ளவர்கள் அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார்கள்.

உதகமண்டலத்தில் நம் நாட்டு பிலிமே செய்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கி, பிரெஞ்சுக் கம்பெனியின் கூட்டுறவோடு 1967-இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயர் போட்ட பெட்டி எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் எல்லாம் இருந்தது. 1990-களில் நலிந்த நிறுவனமாகி, பிறகு அடியோடு நின்றேபோயிற்று. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் வகைவகையாய்ச் சோதித்ததில்லை. கிடைத்த ஒன்றின் குணத்தை உள்ளங்கைபோல் தெரிந்துவைத்திருந்தார். கல்யாண வீட்டின் மங்கிய விளக்கில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஒளிமானி இல்லாமலே சொல்லுவார்.

அன்பர் ஒருவர் எனக்குச் சமாதானமாக அநேகாந்தவாதத்தை எடுத்துச் சொன்னார். “யானையைத் தடவிய குருடர் கதை உங்கள் சமயத்துக்கும் உரியதுதானே? ஒவ்வொரு பிலிமும் ஒரு பார்வை, எல்லாமே மெய்” என்றார். சமணனாகிய எனக்கே இதைச் சொல்கிறார்! நான் இதை ஏற்கமாட்டேன். எந்த நிலையில் நின்று பார்க்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பேசு என்பதுதான் ‘ஸ்யாத்’ என்ற சொல்லின் கட்டளை. யார் சொன்னாலும் சரி என்று விட்டுவிடச் சொல்லும் கட்டளை இல்லை அது. குடை இல்லை என்று நான் எழுதியது ஒரு பார்வை ஆகாது, பிழை.

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஒரே ஏட்டை நம்பிப் பாடம் சொல்லவில்லை. பல பிரதிகளை ஒப்பிட்டார். போதாதென்று கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். படமும் ஓர் ஏட்டுப் பிரதியே. எழுதினவன் கைப்பிழை அதிலும் இருக்கும். நம் மலர்களிலோ படத்தின் கீழே ‘படம்: கட்டுரையாசிரியர்’ என்பதோடு சரி. எந்த பிலிம், எந்த வேகம், வெயிலா மூடிய வானமா, தள்ளிக் கழுவியதா என்று ஒரு வரி கிடையாது. இந்த ஒரு வரியை இனிமேலாவது போடுங்கள் என்று மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். படிக்கிறவர் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தாமே முடிவு செய்துகொள்வார்.

என் 2022 கட்டுரையில் அந்த இரு சிற்பங்களும் முற்றுப்பெறாதவை என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இக்கட்டுரைக்காகக் கொடுத்துள்ள படம்: பென்டாக்ஸ் கே1000, எச்.பி.5 பிளஸ், வேகம் 400, மழைக்குப்பின் மூடிய வானம், ஐ.டி.11 மருந்து, 20 டிகிரி. மேல் இரண்டு குடைகளும் தெரியும். அடிக்குடையின் விளிம்பு படத்தில் மங்கல், நேரில் உண்டு. ஆசிரியர் ஐயாவிடம் பிரிண்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “குடை செரி. இந்தப் பக்கத்து ஓரத்திலே ஒரு சாமரம் உண்டும் ஓய், அது எங்கே?” என்றார். அடுத்த மழைக்குக் காத்திருக்கிறேன்.