வாசலில் நிற்கும் பிள்ளை
வீரர் பயிற்சிக் கதைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஆம்பூரை அடுத்த சேகரமொன்றில் திடப்படுத்தல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, ஆவியானவர் அருளும் வரங்களைக் குறித்துப் பேச நேர்ந்தது. பாடம் முடியுந்தறுவாயில் பதினான்கு வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வரம் ஒன்றுமே இல்லாமல் பிறந்தவன் என்ன செய்வான்?" என்று கேட்டான். அப்படி ஒருவரும் பிறப்பதில்லை என்று விடையளித்து அமர்த்திவிட்டேன். அவன் அமர்ந்தான், ஆனால் விடையில் நிறைவடையவில்லை என்பதை அவன் முகம் காட்டிற்று. பிறகு விசாரித்தபோது, கைப்பேசியில் தான் பார்த்துவரும் ஜப்பானியக் கதைத் தொடரிலிருந்து அக்கேள்வி எழுந்ததெனத் தெரிந்தது. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடும் ஒன்று, வகுப்பறையில் நாம் எழுப்பத் தவறிய கேள்வியை எழுப்பியிருக்கிறது. ஆகவே அத்தொடரையும், அதற்கு நெருங்கிய பொருளுடைய தமிழ்த் திரைப்படம் ஒன்றையும் இங்கு ஆராய்வோம்.

1. விபத்திலிருந்து பள்ளிக்கு

அசாதாரண வல்லமை பெற்ற வீரரின் கதை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தினால், மின்சாரம் உடலிற் பாயும்போது இரும்புக்கை நீங்கலாக முழுவதும் மறைந்துபோகும் ஆற்றலை அம்மனிதன் பெறுகிறான். என் தலைமுறையினர் அவ்விதழ்களைப் பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படித்தவர்கள். அங்கே வல்லமை வளர்ந்த ஒருவனுக்குத் தற்செயலாக வருகிறது. அதைக் கற்பிக்க ஆசானுமில்லை, பள்ளியுமில்லை.

இன்றைய பிள்ளைகள் விரும்பும் கதையோ வேறு வகையானது. இங்கு வல்லமை இளமையில் அரும்புகிறது. அதைக் கட்டுப்படுத்தவும் பயன்படுத்தவும் ஒரு பள்ளி தேவைப்படுகிறது. 1963இல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் அமெரிக்காவில் படைத்த 'எக்ஸ்-மென்' கதையில் பேராசிரியர் ஒருவர் இத்தகைய இளைஞர் ஐவரைத் தம் பள்ளியில் சேர்த்துப் பயிற்றுவித்தார். அவ்வழியில் வந்த பெரும்படைப்பே கோஹேய் ஹோரிகோஷி எழுதி வரைந்த 'மை ஹீரோ அகாடமியா'. இது 2014 ஜூலை முதல் 2024 ஆகஸ்ட் வரை ஜப்பானிய வார இதழொன்றில் 430 அத்தியாயங்களாக வெளிவந்தது. 2016 முதல் அசைவுச் சித்திரத் தொடராகவும் உலகெங்கும் பரவிற்று.

வல்லமையின் கதை பள்ளிக்கதையாக மாறியவுடன் ஒரு வாசற்படியும் வந்துவிடுகிறது. பள்ளி என்றால் நுழைவுத் தேர்வு உண்டு. தேர்வு என்றால் வாசலில் நிறுத்தப்படும் பிள்ளையும் உண்டு. இத்தகைய கதைகளின் மெய்ம்மையை அளக்க, உள்ளே சென்றவர்களின் வீரச்செயல்களைவிட, வாசலில் நிற்கும் பிள்ளையைக் கதை எவ்வாறு நடத்துகிறது என்பதே தகுந்த அளவுகோலாகும்.

2. ஜப்பானியத் தொடர்

ஹோரிகோஷியின் உலகில் மாந்தருள் ஐந்தில் நால்வருக்கு ஏதேனுமோர் அசாதாரண ஆற்றல் உண்டு. அதனைக் குறிக்க அவர் கையாளும் ஜப்பானியச் சொல் 'கொசெய்'. அதற்குத் தனித்தன்மை என்று பொருள். ஆற்றல் இல்லாதவன் தனித்தன்மையும் இல்லாதவன் என்னும் கொடிய எண்ணம் அச்சொல்லிலேயே பொதிந்திருக்கிறது. கதையின் நாயகன் மிதோரியா அப்படி ஒன்றுமில்லாமற் பிறந்தவன். வீரனாக வேண்டுமென்ற அவன் ஆசையை உடன் பயிலும் மாணவர் எள்ளி நகையாடுகின்றனர். மகனின் எதிர்காலத்தை எண்ணித் தாய் அழுகிறாள். எந்த மதிப்பெண் பட்டியலுக்கும் எந்தத் தாயும் அழும் அழுகைதான் அது.

இத்தொடரின் சிறந்த பகுதி நுழைவுத் தேர்வாகும். இயந்திர மனிதர்களை வீழ்த்துவோருக்குப் புள்ளிகள் உண்டு. ஒரேயொரு பெரிய இயந்திரத்திற்கு மட்டும் புள்ளியே கிடையாது. அதை விட்டு ஓடுவதே அறிவுடைமை. இடிபாட்டிற் சிக்கிய ஒரு பெண்ணைக் காக்க மிதோரியா அதன்மீது பாய்கிறான். போரிற் பெற்ற புள்ளி பூஜ்யம். ஆனால் தேர்வாளர் மாணவருக்கு அறிவியாமல் வேறொரு கணக்கும் வைத்திருந்தனர். பிறரை மீட்டதற்கு அவனுக்கு 60 புள்ளிகள் கிடைக்கின்றன. தேர்வு எழுதுபவன் அறியாத ஒரு பத்தியில் அன்புக்கு மதிப்பெண் இடப்படுகிறது என்னும் இக்கற்பனை நம் கல்வித்துறை முழுமைக்கும் ஒரு கண்டனமாக நிற்கிறது.

ஆயினும் ஆசிரியர் தாம் எழுப்பிய கேள்வியிலிருந்து ஒருமுறை நழுவிவிட்டார். ஒன்றுமில்லாத பிள்ளை அத்தேர்வுக்கு ஒன்றுமில்லாதவனாகச் செல்லவில்லை. உலகிற் பெருவீரனாகிய ஆல் மைட் தன் வல்லமையை அதற்கு முன்னரே அவனுக்கு வழங்கிவிட்டான். வரமில்லாதவனின் துயரத்துக்கு எல்லாவற்றினும் பெரிய வரத்தைத் தருவதே விடையானால், அவனோடு வாசலில் நின்ற ஏனையோருக்கு என்ன விடை? ஹோரிகோஷி இதை உணர்ந்தே இருந்தார் என்று தோன்றுகிறது. ஷின்சோ என்னும் மாணவனைப் படைத்து, இயந்திரங்களை உடைக்கும் தேர்வு, பிறர் மனத்தை வசப்படுத்தும் தன் ஆற்றலுக்கு ஏற்றதன்று என்று அவன் வாயாலேயே முறையிட வைக்கிறார். அளவுகோல் ஒரு வகை ஆற்றலுக்கே வளைந்திருந்தால் தோல்வி பிள்ளையுடையது ஆகாது.

முடிவில் மிதோரியா தன் வல்லமையை இழக்கிறான். எட்டு ஆண்டுகள் கழித்து, தான் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியனாக நிற்கிறான். வரமில்லாத சிறுவனுக்கு முதலிற் கொடுத்திருக்க வேண்டிய மெய்யான விடை இதுவே: வல்லமையின்றியும் ஒருவன் பிறருக்காக வாழ இயலும். இவ்விடத்திற் கதை நின்றிருக்கலாம். ஆனால் நண்பர்கள் பணம் திரட்டிச் செய்வித்த இயந்திரக் கவசம் ஒன்றை அணிந்து, அவன் மீண்டும் களமிறங்குவதாக அத்தொடர் நிறைவுறுகிறது. சவுலின் கவசத்தைக் களைந்துவிட்டுச் சென்ற இளைஞனின் கதையை அறிந்த நமக்கு, கவசம் அணிவித்து முடிக்கும் இம்முடிவு சற்றுக் குறைவாகவே படுகிறது. ஆசிரியப் பணி வீரத்துக்கு ஈடாகாது என்னும் ஐயம் ஆசிரியரை இறுதிவரை விடவில்லை போலும்.

3. தமிழ்த் திரைப்படம்

2019 டிசம்பரில் வெளிவந்த பி. எஸ். மித்ரனின் 'ஹீரோ' திரைப்படம் இதே பொருளைத் தமிழ்நாட்டு மண்ணில் வைத்துப் பேசுகிறது. சிவகார்த்திகேயன் ஏற்ற சக்தி என்னும் பாத்திரம், சிறுவயதிலே சக்திமானைப் போலாக விரும்பியவன். வளர்ந்தபின் போலிச் சான்றிதழ்கள் தயாரித்து விற்பவன். அர்ஜுன் ஏற்ற சத்தியமூர்த்தி, கல்விமுறை கழித்துவிட்ட பிள்ளைகளை மறைவானதொரு பள்ளியிற் சேர்த்து அவர்கள் திறமையை வளர்க்கிறார். இவானா ஏற்ற மதி என்னும் மாணவி உப்புநீரில் இயங்கும் எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள்.

இங்கே வானிற் பறப்போர் இல்லை. பிள்ளைகளின் கண்டுபிடிப்புத் திறனே அவர்களுடைய அசாதாரண வல்லமை. மாய ஆற்றலைத் தேடி அலையாமல் நம் வகுப்பறையின் கடைசி வரிசையில் அதைக் கண்டெடுத்தது இப்படத்தின் பெரும் நற்பேறு. சான்றிதழே எல்லாமென்னும் நாட்டில் போலிச் சான்றிதழ் விற்பவனை நாயகனாக்கியதும் கூரிய சிந்தனையே.

எனினும் இரு குறைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, மதிக்கு நேர்வது. அவள் கண்டுபிடிப்பு பழிக்கப்பட்டு, அவமானத்துக்குள்ளாகி மரிக்கிறாள். அந்த மரணமே சக்தி முகமூடி அணியக் காரணமாகிறது. வரம் பெற்றவள் பெண், வீரனாவது ஆண். அவள் வாழ்வு அவன் கதைக்கு எரிபொருளாகிறது. நம் பகுதியில் 1918ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, இளம்பெண்களே பயின்று, தாங்களே நோயாளரைத் தொட்டுக் குணமாக்க அனுப்பப்பட்டனர். ஆண்கள் அங்கு சேர்க்கப்பட்டது 1947இல்தான். நூறாண்டு கழித்து வந்த நம் திரைப்படம் அந்த அளவுக்கேனும் துணிந்திருக்கலாம்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கல்விமுறை தோற்றதாக ஒதுக்கிய பிள்ளைகள் உண்மையில் மேதைகள் என்று படம் மெய்ப்பிக்கிறது. மேதைகள் அல்லாத பிள்ளைகளோ? பழைய மதிப்பெண் பட்டியலைக் கிழித்துவிட்டு, கண்டுபிடிப்புத் திறன் என்னும் புதிய பட்டியலை அது எழுதுகிறது. அதிலும் பெயர் வராத பிள்ளை மறுபடியும் வாசலிலேயே நிற்கிறது.

4. எதிரியின் முகம்

வீரர் எதற்காகப் பயிற்றப்படுகிறார் என்பதையும் நோக்க வேண்டும். இரு கதைகளிலும் தீமைக்கு ஒரு முகம் உண்டு. 'ஹீரோ'வில் அது மகாதேவ் என்னும் பெருமுதலாளி. அவனை வீழ்த்தினால் தீமை வீழ்ந்ததாகிவிடும். நம் பகுதியின் அனுபவம் அதுவன்று. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் உறங்கிய தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். அங்கே எதிரி என்று சுட்ட முகமூடி எதுவும் இல்லை. கவனியாமல் விடப்பட்ட சுவர் ஒன்றே இருந்தது.

பாலாற்றின் துயரத்திற்கும் அதுவே உண்மை. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைச் செலுத்த வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. அதைப் பெற்றுத் தந்தது மனு எழுதியவர்களும், நீர் மாதிரி எடுத்தவர்களும், நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவர்களுமே. ஆற்றின் நோய் அத்துடன் தீரவில்லை. ஆயினும் மீட்பு எவ்வழியில் நடக்கிறதென்பதை அவ்வழக்கு காட்டிற்று. பொறுமை, கணக்கு, கூட்டு முயற்சி ஆகியவற்றை வீரர் பயிற்சிக் கதைகள் கற்பிப்பதில்லை. ஒரே அடியில் வெல்லும் காட்சிகளிற் பழகிய இளைஞன், மெதுவாக நடக்கும் மீட்பைத் தோல்வியென்று எண்ணிவிடக்கூடும். இக்கதைகளால் விளையும் தீங்கு என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால் இதையே சுட்டுவேன். மாய வல்லமையைக் காட்டுவதாற் பிள்ளைகள் கெடுவர் என்று நம்மில் சிலர் அஞ்சுவது பெரும்பாலும் வீண் அச்சமே.

5. என் தவறு

பிறர் படைப்பைக் குறைகூறுபவன் தன் கணக்கையும் ஒப்புவிப்பதே முறை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் இருமுறை தோற்ற ஒருவனின் தாய் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தாள். காலணியின் மேற்பாகம் தைக்கும் பிரிவில் வேலை செய்பவள், கணவனை இழந்தவள். "இவனுக்குப் படிப்பு வராதம்மா, வேலைக்கு அனுப்பிவிடுங்கள்" என்றேன். அவள் மறுசொல் சொல்லாமல், "சரிங்கய்யா" என்று எழுந்து போனாள். அவன் டேனரி வேலைக்குச் சென்றான்.

சில ஆண்டுகளுக்கு முன் அவனைத் தொழிற்சாலையில் சந்தித்தேன். பதனிட்ட தோல்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். விரல் நுனியால் ஒருமுறை தடவிவிட்டு, இது மெல்லியது, இதில் உண்ணி கடித்த வடு இருக்கிறது, இது மேற்பாகத்துக்கு ஆகாது என்று அடுக்கிக்கொண்டே போனான். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. நான் பெரிதும் ஆறுதலடைந்து, "உனக்கும் ஒரு வரம் இருந்திருக்கிறது பார்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு, "இது இல்லாட்டியும் நான் எங்க அம்மாவுக்குப் பிள்ளைதானே ஐயா" என்றான்.

அவன் அதைக் கடிந்து சொல்லவில்லை. ஆயினும் 'ஹீரோ' படத்தை நான் பார்த்தபோது அச்சொல்லே நினைவுக்கு வந்தது. அவனிடம் ஒரு திறமையைக் கண்டவுடன் என் பழைய தீர்ப்பின் பாரம் நீங்கியதாக எண்ணினேனே, அப்படியானால் திறமை இல்லாதிருந்தால் அத்தீர்ப்பு சரியென்றா பொருள்? படத்தின்மேல் நான் சாற்றிய இரண்டாவது குறை முதலில் என்னுடையதே.

6. முடிவுரை

நம் சபைகள் ஆண்டுதோறும் தாலந்துப் போட்டிகள் நடத்துகின்றன. பாட்டு, பேச்சு, மனப்பாடம் ஆகியவற்றில் வென்றோரின் பெயர்களை ஆராதனையில் வாசிக்கிறோம். தாலந்து உவமையில் ஒன்று பெற்றவனும் உண்டு, ஒன்றும் பெறாதவன் இல்லை என்று நாம் போதிக்கிறோம்; அது உண்மையே. ஆயின் அவ்வுண்மையைப் பிள்ளையின் திறமையைத் தேடிப்பிடித்து நிரூபிக்கும் பொறுப்பாக மட்டும் எடுத்துக்கொண்டால், தேடியும் கிடைக்காத பிள்ளையிடம் சொல்ல நமக்கு ஒன்றும் இராது. சிம்சோனுக்கு வல்லமை குறைவுபடவில்லை. அதை யாருக்காகச் செலவிடுவதென்று அவன் கற்கவில்லை. மிதோரியாவோ வல்லமை போன பின்னும் பிள்ளைகளின்முன் நிற்கிறான். இவ்விருவரில் எவன் பயிற்சி பெற்றவன் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இக்கதைகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்குமாறு போதகரையும் ஞாயிறு பள்ளி ஆசிரியரையும் கேட்டுக்கொள்கிறேன். நுழைவுத் தேர்வில் மறைவாக வைக்கப்பட்ட அந்த 60 புள்ளிகளைச் சுட்டிக்காட்டுங்கள். மதியின் மரணத்தைக் குறித்து மாணவியரின் கருத்தைக் கேளுங்கள். நானோ அடுத்த வகுப்பில் அச்சிறுவனை எழுப்பி, என் பழைய விடை அவசரத்திற் சொன்னது என்று ஒப்புக்கொண்டேன். வரமில்லாதவன் என்ன செய்வான் என்று இம்முறை நானே அவனிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வாசல்ல நிக்கிற இன்னொருத்தன்கூட நிப்பான் ஐயா" என்றான். அதனினும் நல்ல விடையை நான் இன்னும் கண்டிலேன்.