ஒரு பதிப்பு எண் சொல்ல வேண்டிய இரண்டு தேதிகள்

கட்டற்ற மென்பொருளைப் பதிப்பு பதிப்பாக வெளியிடுவது பற்றிய விவாதம் எப்போதும் நிரல் எழுதுகிறவர்களின் வசதியைச் சுற்றியே நடக்கிறது. நாள் குறித்து வெளியிடுவதா, வேலை முடிந்தபின் வெளியிடுவதா, மாதம் ஒருமுறையா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையா என்றுதான் பேச்சு. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மெனுக்களைத் தமிழாக்கும் தன்னார்வலர், பள்ளியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், மூலக்கொத்தளத்தில் அரசு கொடுத்த மடிக்கணினியில் படிக்கும் மாணவி எல்லாரும் அந்தக் கடைசிக் கண்ணியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால், ஒரு பதிப்பு எண் இரண்டு தேதிகளைச் சொல்ல வேண்டும். இனி இதில் புதிதாக எதுவும் நுழையாது என்று கதவை அடைத்த தேதி ஒன்று. இதற்குமேல் இதன் பழுதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தேதி மற்றொன்று. முதல் தேதியைக் காப்பாற்றக் கட்டற்ற மென்பொருள் உலகம் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாவது தேதியில்தான், அதிலும் நம் மாநிலத்தில், கோட்டை விட்டிருக்கிறோம்.

முதல் தேதியின் அருமை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்களுக்குச் சொல்லாமலே புரியும். கப்பலுக்குக் கட்-ஆஃப் நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குள் துறைமுக வாசலைத் தாண்டாத பெட்டி அடுத்த கப்பலுக்குத்தான். மென்பொருளில் இதை ஃப்ரீஸ் என்கிறார்கள். லினக்ஸ் கணினிகளுக்கான மேசைத்திரையை உருவாக்கும் நோம் திட்டம் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே திரையில் தெரியும் ஆங்கில வரிகளை மாற்றக்கூடாது என்று கதவை மூடிவிடுகிறது. அதன்பின் ஒரு வரியைத் தொட வேண்டுமானாலும் மொழியாக்கக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் மொழியாக்கக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்கலாம். மேலே ஆங்கில வரி, கீழே தமிழ் வரி என இணை இணையாக அது நீளும். மேலே உள்ள 'ஓப்பன் ஃபைல்' என்ற வரியின் முடிவில் யாரோ மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் போதும். கெட்டெக்ஸ்ட் கருவி அந்த இணையை 'ஃபஸ்ஸி' என்று குறித்து ஒதுக்கிவிடும். நிரல் ஓடும்போது தமிழ் வரி இருந்தும் காட்டாது. அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து நிற்கும். நூறு வரிகளில் இப்படி நடந்தால், மாதக்கணக்கில் மாலை நேரங்களைக் கொடுத்து வேலை செய்த ஒருவரின் உழைப்பு வெளியீட்டு நாளில் திரையில் இல்லாமல் போகும். கதவு அடைபடும் நாள் முன்கூட்டியே தெரிந்தால்தான் சம்பளமில்லாமல் உழைப்பவர் தன் உழைப்பைத் திட்டமிட முடியும். சிறிய மொழியாக்கக் குழுக்கள் பெரிய மென்பொருளோடு ஈடுகொடுத்து நடக்க முடிவதற்கு இந்தக் கெடுபிடியே காரணம் என்பேன்.

நாளைக் குறிக்காமல் வேலை முடியட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, பல மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் லினக்ஸ் வழங்கலான டெபியனே சாட்சி. 2002 ஜூலையில் வெளிவந்த வூடி பதிப்புக்கு அடுத்த சார்ஜ் 2005 ஜூனில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பயனர்கள் பழைய பேக்கேஜ்களோடு மல்லுக்கட்டினார்கள். அந்த இடைவெளியில்தான், 2004 அக்டோபரில், ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற உறுதியோடு உபுண்டு என்ற வழங்கல் பிறந்தது. அதற்காக நாளைப் பிடித்துக்கொண்டு தரத்தைக் கைவிடச் சொல்லவில்லை. 2006 ஏப்ரலில் வரவேண்டிய முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பை உபுண்டு ஜூனுக்குத் தள்ளிவைத்தது, எண்ணையும் 6.06 என்று மாற்றிக்கொண்டது. அது சரியான முடிவு. தவறான முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு 2008 ஜனவரியில் வந்த கேடிஇ 4.0 என்ற மேசைத்திரை எடுத்துக்காட்டு. இது பொதுப் பயனருக்கான பதிப்பல்ல, நிரலாளர்கள் தங்கள் செயலிகளைப் புதிய தளத்துக்கு மாற்றிக்கொள்வதற்கானது என்று உருவாக்கியவர்கள் சொல்லித்தான் வெளியிட்டார்கள். ஆனால் 4.0 என்ற எண்ணைப் பார்த்த வழங்கல்கள் அதை எடுத்துப் பொதுமக்கள் கையில் கொடுத்தன. பாதி வேலை செய்யும் மேசைத்திரையோடு பயனர்கள் தவித்தார்கள். குறிப்பில் என்ன எழுதினாலும் மக்கள் நம்புவது எண்ணைத்தான். எண் தவறான வாக்குறுதி கொடுத்தால் அதைத் திருத்த எந்த விளக்கத்தாலும் ஆகாது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகள் தினமும் வெளிப்படும் காலத்தில் பதிப்புகளைத் தேக்கிவைப்பதே ஆபத்து, எல்லாவற்றையும் தொடர்ச்சியாகப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் முறை என்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2011-இல் இந்த வழிக்கு மாறி ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, நிறுவனங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் முறையிட்டதால், நீண்டகால ஆதரவுக்கென்று தனிக் கிளை ஒன்றைத் திறக்க வேண்டியதாயிற்று. இதைவிடக் கூர்மையான சாட்சி 2024 மார்ச்சில் கிடைத்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பின்வாசல் ஒன்றைப் புதைத்திருந்தார். டெபியனின் நிலையற்ற கிளையில், தொலைவிலிருந்து கணினிக்குள் செல்ல உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். புதியது முதலில் இத்தகைய கிளைகளில் ஊறி, பிறகே நிலையான பதிப்புக்கு வரும் ஒழுங்கு இருந்ததால், டெபியனின் நிலையான பதிப்பை அந்த நஞ்சு தீண்டவில்லை. ஆனாலும் இந்த ஒழுங்கைக் கவசமென்று நம்பிவிடக் கூடாது. 2006-இல் டெபியனுக்குள்ளேயே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலில் செய்யப்பட்ட ஒரு மாற்றம், சாவிகளை எளிதில் ஊகிக்கக்கூடியவையாக்கியது. அது எல்லாப் படிகளையும் தாண்டி நிலையான பதிப்புக்குள் போய், 2008 மே மாதம்வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது. காத்திருப்பு கண்டுபிடிப்பதற்கு நேரம் தரும். பார்க்க ஆள் இல்லையென்றால் அந்த நேரம் வீண்.

இனி இரண்டாவது தேதி. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சீடாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007-இல் போஸ் லினக்ஸை வெளியிட்டது. இந்திய மொழிகளில் இயங்கும் ஒரு இயங்குதளத்தை அரசே பொறுப்பேற்று உருவாக்கியதை நான் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு போஸும் இருந்தது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வீட்டில் அதுவரை கணினியே இல்லாத பிள்ளைகளின் கையில் ஒரு லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதன் பதிப்பு எண்ணை எடுத்துப் பாருங்கள். டெபியன் 4.0-ஐ வெளியிட்ட அதே 2007-இல் போஸ் தன் கணக்கை 1.0 என்று தனியாகத் தொடங்கியது. தரங், அனந்த், தேஜஸ் என்று பெயர்களும் தனி. தனி அடையாளம் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் அந்த எண்ணை வைத்து, அடியில் இருப்பது எந்த டெபியன், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எப்போது நிற்கும் என்று ஒரு ஆசிரியரால் சொல்ல முடியாது. டெபியன் ஒரு பதிப்புக்கு மூன்று ஆண்டு தரும். 2014 முதல் நீட்டித்த ஆதரவையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்து. அதன்மேல் கட்டும் வழங்கல் ஒன்றரை ஆண்டு தாமதமானால் ஐந்து மூன்றரையாகிவிடும். டெண்டர், கொள்முதல், விநியோகம் ஆகியவை இன்னும் ஓராண்டைத் தின்றால் மாணவி கையில் மிஞ்சுவது இரண்டரை. அதாவது அவள் கல்லூரி முடிப்பதற்குள் இயங்குதளம் அநாதையாகிவிடும். இணைய இணைப்பு இல்லாத வீடாக இருந்தால் மிஞ்சிய இரண்டரை ஆண்டிலும் திருத்தங்கள் வந்து சேராது.

பள்ளிப் பிள்ளைக்குப் பாதுகாப்புத் திருத்தமெல்லாம் தேவையா, பாடம் படித்தால் போதாதா என்று கேட்கலாம். அதே கணினியில்தான் அவள் பின்னாளில் வங்கிக் கணக்கைத் திறக்கிறாள், உதவித்தொகைக்கு ஆதார் எண்ணைத் தட்டுகிறாள். இதற்கெல்லாம் அரசிடம் ஆள் ஏது என்ற கேள்விக்குப் பக்கத்து மாநிலம் பதில் வைத்திருக்கிறது. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், பள்ளிகளுக்காகத் தரும் லினக்ஸுக்குத் தனி எண் கண்டுபிடிக்கவில்லை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளின் எண்ணையே 18.04, 22.04 என்று அப்படியே வைத்துக்கொண்டது. 22.04 என்றால் 2022 ஏப்ரல், அதோடு ஐந்து ஆண்டு ஆதரவைக் கூட்டினால் 2027 ஏப்ரல் என்று எந்த ஆசிரியரும் விரல்விட்டு எண்ணிவிடலாம். தாமதம் அங்கும் உண்டு. ஆனால் எவ்வளவு தாமதம் என்பது எண்ணிலேயே தெரிகிறது. தமிழகத்தில் அடுத்த மடிக்கணினி டெண்டர் எழுதப்படும்போது ராம் எத்தனை ஜிபி, வன்தட்டு எத்தனை ஜிபி என்று கேட்கும் பட்டியலில் இன்னும் இரண்டு வரிகள் சேர வேண்டும். அடிப்படை இயங்குதளத்தின் ஆதரவு முடியும் தேதி மூடியின் மேல் அச்சிடப்பட வேண்டும். அந்தத் தேதிக்கு முன், வீட்டில் இணையம் இல்லாத மாணவி தன் பள்ளியின் கணினி அறைக்கு மடிக்கணினியைக் கொண்டுவந்து அடுத்த பதிப்பை ஏற்றிக்கொள்ள, அங்கே அதன் நகல் ஒன்று தயாராக இருக்க வேண்டும்.